இனிப்பு நீர் (நீரிழிவு), உடல் பருமன்: ரத்தப் புரதச் சோதனைகளைச் சரியாகச் செய்வது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுப்பார்கள். சோதனை பெரும்பாலும் ஈப்போவிலோ வேறு பெரிய ஊரிலோ நடக்கும். இடையில் கழியும் நேரத்தைச் சில புரதங்கள் தாங்கும், சில தாங்காது. அதனால் காசு கட்டுமுன் ரத்தக் குப்பி எத்தனை மணிக்கு வண்டியேறும் என்று கேளுங்கள்.

முதலில் செய்யவேண்டியது எச்பிஏ1சி. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் புரதத்தில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று இது காட்டும். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு இதில் தெரிந்துவிடும். வெறும் வயிறு தேவையில்லை. ஊதா மூடிக் குப்பியில் எடுப்பார்கள். குளிர்பெட்டியில் வைத்தால் சில நாள் தாங்கும். மலேசிய சுகாதார அமைச்சின் வழிகாட்டியில் 5.7 முதல் 6.2 சதவீதம் வரை நீரிழிவுக்கு முந்திய நிலை, 6.3-உம் அதற்கு மேலும் நீரிழிவு. பல நாடுகள் 6.5-ஐ எல்லையாக வைத்திருப்பதால், வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு 6.4 வந்தவர் நிம்மதியடையக் கூடாது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மறுசோதனை செய்துதான் உறுதி சொல்வார்கள்.

இந்த எண் தவறாக வர வாய்ப்புள்ளவர்கள் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் சர்க்கரை கூடாமலே எண் ஏறும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, சிவப்பணு சீக்கிரம் உடையும் குறை இருந்தாலோ, எண் இறங்கி நிற்கும். பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைகளான தலசீமியா உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஈ உள்ளவர்களுக்கும் இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. முழு ரத்த எண்ணிக்கையையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் ஃபுரக்டோசமைன் சோதனை கைகொடுக்கும். அது ரத்தத் திரவத்தில் உள்ள புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும். இரண்டு மூன்று வாரக் கணக்கைச் சொல்லும்.

வயிற்றுச் சதை உள்ளவருக்கு, சர்க்கரை ஏறுவதற்கு முன்பே துப்புக் கொடுப்பது வெறும் வயிற்று இன்சுலின். இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும். 8 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். சீனி போடாத கோப்பியும் கூடாது. செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வருவது சரிப்படாது. தூங்கி எழுந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். அது சில கருவிகளில் எண்ணைப் புரட்டிவிடும். ஊசியில் ரத்தம் சிரமப்பட்டு வந்து சிவப்பணு உடைந்தால், உள்ளிருந்து வெளிவரும் நொதி இன்சுலினைச் சிதைத்து எண்ணைக் குறைத்துவிடும். அப்படியே வைத்த ரத்தத்தில் சர்க்கரையும் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குப்பி. இன்சுலினுக்கு எடுத்த ரத்தத்தை அங்கேயே சுழற்றிப் பிரிக்கவேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் ஆய்வகத்துக்கே போய் எடுப்பது மேல்.

உடல் இன்சுலினுக்கு எவ்வளவு இணங்குகிறது என்று பார்க்கும் கணக்கு எளிது: இன்சுலினை (மைக்ரோ யூனிட்டில்) அதே வேளையில் எடுத்த வெறும் வயிற்றுச் சர்க்கரையால் (மில்லிமோலில்) பெருக்கி 22.5-ஆல் வகுங்கள். இன்சுலின் 15, சர்க்கரை 6.0 என்றால் 4.0 வரும். 2.5-ஐத் தாண்டினால் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை மாறும். அறிக்கையில் இன்சுலின் பிகோமோலில் இருந்தால் அந்த எண்ணை முதலில் 6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இன்சுலின் ஊசி போடுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு சி-பெப்டைட் சோதனைதான் சொந்தச் சுரப்பைக் காட்டும்.

உள்ளழற்சியைக் காட்டும் சிஆர்பியை நுண்ணளவுச் சோதனையாகக் கேளுங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் இதய அபாயம் கூடுதல். 10-ஐத் தாண்டினால் காய்ச்சலோ பல் வீக்கமோ காரணமாக இருக்கலாம். குணமாகி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

கொழுப்புத் திசு சுரக்கும் புரதங்களான லெப்டின், அடிபோனெக்டின் என்று விலையுயர்ந்த பட்டியலை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கொழுப்பு கூடக்கூட லெப்டின் ஏறும், அடிபோனெக்டின் இறங்கும் என்பது உண்மைதான்; ஆனால் அந்த எண்களை வைத்து மருத்துவர் மருந்தை மாற்றப்போவதில்லை. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்புச் சுற்றளவு இருக்கிறதா என்று டேப்பை வைத்து அளந்து, மிச்சமாகும் காசில் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் சிறுநீர் அல்புமின் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.