கோஹிஸ்தான்: கண்டத்தோடு மோதிய எரிமலைத் தீவு வளைவை வரைபடத்தில் படிப்பது எப்படி?

கடல் நடுவே பிறந்த எரிமலைத் தீவு வளைவு (வில் போல வளைந்த எரிமலைத் தீவு வரிசை) ஒன்று கண்டத்தோடு மோதினால் என்ன மிஞ்சும்? பார்த்துப் பழக வடக்குப் பாகிஸ்தானின் கோஹிஸ்தான் அருமையான இடம். அங்கே இருப்பது டெத்திஸ் கடலின் (இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே முன்பு இருந்த கடல்) பழைய தீவு வளைவு என்று புவியியலாளர் தாஹிர்கேலியும் அவருடைய பிரெஞ்சுக் கூட்டாளிகளும் 1979-இல் எழுதினார்கள். செயற்கைக்கோள் வரைபடம், தாள், கலர் பென்சில் போதும்.

படி 1: எல்லைகளைக் குறியுங்கள்

காரகோரம் நெடுஞ்சாலையில் பேஷம், சால்ட் ஆகிய ஊர்களைத் தேடுங்கள். பேஷமுக்குச் சற்று வடக்கே, ஜிஜால் அருகில் ஒரு கோடு. சால்ட் பக்கத்தில் இன்னொரு கோடு. முதல் கோட்டுக்குத் தெற்கே இந்தியத் தட்டு (இந்தியாவைச் சுமந்து நகரும் பூமி ஓட்டுத் துண்டு), இரண்டாவதற்கு வடக்கே ஆசியாவின் பழைய விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தீவு வளைவு.

படி 2: தெற்கிலிருந்து வடக்கே வாருங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். மோதலில் இந்த வளைவு, சரிந்த புத்தக அடுக்கு மாதிரி வடக்கு நோக்கிச் சாய்ந்துவிட்டது. அதனால் சாலையில் வடக்கே போகப் போக, ஆழத்திலிருந்து மேலே ஏறி வருகிறோம்.

ஜிஜாலில் பெரிடோடைட் (பூமி ஓட்டுக்குக் கீழே உள்ள கனமான பாறை) போன்ற கரும்பாறைகள், அப்புறம் பட்டன் என்ற ஊர்ப் பக்கம் சிவப்புக் கார்னெட் கனிமம் நிறைந்த பாறைகள். இந்தக் கார்னெட் உருவாகக் கடும் அழுத்தம் வேண்டும். எனவே இது வளைவின் அடித்தளம். அடுத்து தாசூ பக்கம் ஆம்பிபோலைட் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கரும்பாறை). பிறகு சிலாஸில் சுமார் 300 கி.மீ. நீளத்துக்கு ஒரு கேப்ரோத் திரள் (ஆழத்தில் மெல்ல இறுகிய குழம்பின் கரும்பாறை), வயது ஏறத்தாழ 8.5 கோடி ஆண்டுகள். கில்கிட் பக்கம் கிரானைட். கடைசியாகச் சால்ட்டில் கடலடியில் கொட்டிய எரிமலைக் குழம்பு.

சிலாஸைத் தாண்டியதும் வரும் நங்க பர்வதம் (8,126 மீ.) இந்தக் கணக்கில் சேராது. அது கீழேயிருந்து பொத்துக்கொண்டு எழுந்த இந்தியத் தட்டின் பாறை.

படி 3: எது முதலில்?

விதி எளிது: வெட்டுவது இளையது, வெட்டப்படுவது மூத்தது. கில்கிட்டுக்கு வடக்கே ஜுடலில், மடிந்து நெளிந்த பாறைகளைச் சுமார் 7.5 கோடி ஆண்டு வயதுள்ள டைக்குகள் (வெடிப்பில் குழம்பு புகுந்து சுவர் போல இறுகிய பாறைகள்) மடியாமல் வெட்டிப் போகின்றன. ஆகவே மடிப்பு அதற்கு முந்தியது. அந்த மடிப்பே ஆசியாவோடு மோதியதன் விளைவு என்பது ஒரு தரப்பு. இன்னொரு தரப்பு, கிரானைட்டுகளின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) வைத்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாதான் முதலில் மோதியது, ஆசியா அதற்குப் பின்னால்தான் என்கிறது. பாறை மடிய மோதல்தான் வேண்டும் என்றில்லை. ஆகவே டைக் சாட்சியை மட்டும் நம்பி முடிவு கட்ட எனக்குத் தயக்கம்.

இந்தியா எப்போது மோதியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. காகான் பள்ளத்தாக்கின் இந்தியத் தட்டுப் பாறைகளில் கோயசைட் (கடும் அழுத்தத்தில் உருவாகும் சிலிக்காக் கனிமம்) கிடைக்கிறது. அது உருவாக 90 கி.மீ. அளவு ஆழம் வேண்டும். சுமார் 4.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கண்டத்தின் விளிம்பு வளைவுக்கு அடியில் அவ்வளவு ஆழம் போய்விட்டது!

படி 4: மூன்று கட்டங்கள் வரையுங்கள்

முதல் கட்டத்தில் கடல்தரை வளைவுக்கு அடியில் அமிழட்டும். அதிலிருந்து கசியும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்க, எரிமலைகள் பிறக்கும். மூன்றாவதில் இந்தியா, வளைவு, ஆசியா மூன்றும் ஒட்டியிருக்கும். எது முதலில் மோதியது என்பது தீராததால், நடுக் கட்டத்தை மட்டும் இரண்டு தாளில் வரையுங்கள்: ஒன்றில் வளைவு ஆசியாவோடு, மற்றதில் இந்தியாவோடு.