காலையில் மட்டும் ஐடில் ஏறி இறங்குகிறதா? பாகத்தை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது, ஆனால் ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, ஆர்பிஎம் முள் 500-க்கும் 1,500-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது, சில நாள் அப்படியே அணைந்தும் போகிறது. இரண்டு நிமிடம் பொறுத்தால் எல்லாம் சரியாகிவிடும். அந்த நிலையில் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனால் மெக்கானிக் காது வைத்துக் கேட்டுவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, வண்டி சூடாகி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் ஊகத்தில் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரையும். பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜினின் முதல் ஒரு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். கோளாறு தெரிவது அப்போதுதான்.

முந்தின நாள் மாலை நிறுத்தியபின் வண்டியைத் தொடாதீர்கள். காலையில் மீட்டரும் சத்தமும் சேர்ந்து வரும்படி போனில் வீடியோ எடுத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்க வேண்டாம், ஏசி ஆஃப். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் இதைச் செய்யாதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். ஒர்க்‌ஷாப்பில் விடுவதாக இருந்தால் மாலையே விட்டுவிட்டு, மறுநாள் காலை நீங்கள் வந்தபிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

எது கோளாறு, எது இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்ந்த இன்ஜின் 1,200 முதல் 1,500 ஆர்பிஎம் வரை ஏறி நின்று, சூடாகச் சூடாக 700–850-க்கு மெதுவாக இறங்குவது இயல்பு. ஊட்டிக் குளிரில் இந்த இறக்கத்துக்குச் சென்னையைவிட அதிக நேரம் பிடிக்கும். முள் ஆடாமல் நின்று, வண்டி மட்டும் அதிர்ந்தால் முதலில் இன்ஜின் மவுண்டைப் பாருங்கள். முள் ஊசலாடினால் மட்டும் மேலே படியுங்கள்.

நான் முதலில் கை வைப்பது, இன்ஜினுக்குப் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில்தான். ஐடிலில் இன்ஜினுக்குப் போகிற காற்று மிகக் கொஞ்சம், த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் உள்ள மயிரிழை இடைவெளி வழியாகவோ, பழைய கேபிள் வகை வண்டிகளில் ஐஏசி எனும் ஐடில் காற்று வால்வு வழியாகவோதான் அது போகும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பைப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு வந்து உட்காரும் இடத்தில் வட்டமாக, தார் பூசியதுபோல் கறுப்புப் பிசுக்கு இருந்தால் ஐடில் தடுமாறுவதற்கு அதுவே போதும். ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டதும் ஊசலாட்டம் நின்றுவிடுகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடைத்தெடுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால் தகட்டை விரலால் நெம்பித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் கியர் போய்விடும். சுத்தம் செய்தபின் ஐடில் முன்பைவிட உயர்ந்து நின்றால் பயப்பட வேண்டாம், அழுக்குப் படிந்த இடைவெளிக்கு ஏற்பப் பழகியிருந்த ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) இனி புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சில வண்டிகள் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனரில் ரீலேர்ன் கொடுக்க வேண்டும். பேட்டரி மாற்றிய மறுநாள் ஐடில் கோளாறு ஆரம்பித்தது என்றாலும் இதே கதைதான்.

அடுத்து ஏர் லீக், அதாவது விரிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று இன்ஜினுக்குள் நுழைவது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இழுக்கும் பிசிவி ஹோஸ், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட், இந்த மூன்றும்தான் வழக்கமான இடங்கள். ரப்பர் ஆறியிருக்கும்போது விறைத்து விரிசல் வாய் திறந்திருக்கும், சூடானதும் நெகிழ்ந்து அடைத்துக்கொள்ளும், அதனால்தான் காலையில் மட்டும் தொல்லை. நம் ஊரில் எலியை மறக்கவே கூடாது. பானெட்டுக்குள் எச்சமோ கடித்த துணுக்கோ தெரிந்தால் ஒவ்வொரு ஹோஸையும் ஒயரையும் கையால் தடவிப் பாருங்கள். கார்புரேட்டர் கிளீனரை அடித்து லீக் தேடுவது ஒர்க்‌ஷாப் வழக்கம், ஆனால் அது தீப்பிடிக்கும் சரக்கு, வீட்டில் வேண்டாம். ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து, காயில், கனெக்டர் பக்கம் போகாமல், ஹோஸ் இணைப்புகளில் மட்டும் தெளித்தால் போதும். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும், இன்ஜின் சத்தமும் மாறும்.

வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் மாட்டினால் கோளாறு கோடுகளையும் சென்சார் அளவுகளையும் போனில் காட்டும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இரவெல்லாம் நின்ற வண்டியில் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 28 டிகிரி என்றும் கூலன்ட் 70 டிகிரி என்றும் காட்டினால் கூலன்ட் சென்சார் பொய் சொல்கிறது. இன்ஜின் சூடாக இருப்பதாக நம்பி ஈசியூ பெட்ரோலைக் குறைத்துவிடும், குளிர்ந்த இன்ஜின் திணறும். இந்தச் சோதனை இன்ஜின் சூடானபின் செய்தால் பயனில்லை. பி0171 என்ற கோடு வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். ஃபியூவல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) ஐடிலில் கூட்டல் 20 அளவில் நின்று, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் பெரும்பாலும் ஏர் லீக், ரேஸ் கொடுக்கக் கொடுக்க இன்னும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: காற்றை நேராக அளக்காமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டிகளில் ஏர் லீக் இருந்தும் ட்ரிம் அவ்வளவாக ஏறாமல், ஐடில் மட்டும் உயர்ந்து நிற்கலாம். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவும் இந்த வகைதான்.

பெட்ரோல் பிரஷருக்குக் காசில்லாத சோதனை உண்டு. சாவியை ஆனில் வைத்து, பின்சீட்டுப் பக்கம் பம்ப் இரண்டு மூன்று நொடி முனகி நிற்கும்வரை காத்திருங்கள், ஆஃப் செய்து மறுபடி ஆன், இப்படி மூன்று முறை. அதற்குப் பிறகு செல்ஃப் அடித்தால் ஒழுங்காக நிற்கிறது என்றால், இரவில் லைனிலிருந்து பிரஷர் இறங்கிவிடுகிறது. பம்ப் மாட்யூலில் பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் செக் வால்வு பிடிக்கவில்லை, இல்லையென்றால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. ஒழுகும் இன்ஜெக்டருக்குத் தனி அடையாளம், ஸ்டார்ட் ஆகும்போது சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடையும் கறும்புகையும்.

பெட்ரோல் போட்ட பிறகு மட்டும் இப்படி ஆகிறதா? டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நிற்கலாம். அதிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸை இடுக்கியால் லேசாக அழுத்துங்கள், ஐடில் சீரானால் ஆள் அகப்பட்டான்.

சிஎன்ஜி வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பெரும்பாலான கிட்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானபின் கேஸுக்கு மாறும். டேங்கில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி மாதக்கணக்கில் வைத்திருந்தால் அது கெட்டுப்போகும், பெட்ரோல் இன்ஜெக்டரும் பிசின் பிடித்து அடைக்கும். காலையில் மிஸ் அடித்து, கேஸுக்கு மாறியதும் வெண்ணெய்போல் ஓடினால் காரணம் அங்கேதான். புதுப் பெட்ரோல் போட்டு அவ்வப்போது பெட்ரோலிலேயே ஓட்டுங்கள். நிறைய ஓடிய சிஎன்ஜி வண்டியில் வால்வு சீட் தேய்ந்து வால்வுக்கு விடும் இடைவெளி (கிளியரன்ஸ்) குறைவதும் உண்டு, அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

மிஸ்ஃபயர் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) என்றால் நடுக்கம் ஒரே சீராக இல்லாமல் வெட்டி வெட்டி வரும். பி0302 என்று கோடு வந்தால் இரண்டாவது சிலிண்டர். அதன் காயிலை மூன்றாவதில் மாட்டி மறுநாள் காலை பாருங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி, மாறாவிட்டால் பிளக்கையும் அதேபோல் மாற்றிப் பாருங்கள். இரண்டும் சரி, கூலன்ட் டேங்கில் மட்டம் மெல்ல மெல்லக் குறைகிறது, காலையில் இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை வந்து சற்று நேரத்தில் நிற்கிறது என்றால், இரவில் ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்திருக்கிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். மின்னி மின்னி எரிந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதை உருக்கிவிடும், அந்தச் செலவு இதுவரை சொன்ன எல்லாச் செலவையும் சேர்த்தாலும் மிஞ்சும்.