டேபிள் உயரத்தைப் பாருங்கள்: சி.டி. அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரையும் எண்ணையும் சரிபார்ப்பது, தோடு சங்கிலியைக் கழற்றச் சொல்வது, கர்ப்பமாக இருக்கிறாரா என்று கேட்பது. சி.டி. ஸ்கேன் பிரிவுக்கு இன்டர்ன்ஷிப் வரும் பிள்ளைகளுக்கு இவற்றை முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். அதனால் இங்கே அவை வேண்டாம். இது யாரும் உட்கார வைத்துச் சொல்லாத தவறுகளைப் பற்றியது. ஒவ்வொரு பேட்ச்சும் அதையேதான் செய்கிறது. இன்று சொல்லிக்கொடுக்கும் சீனியர்களும் ஒரு காலத்தில் செய்ததுதான்.

நோயாளி நடுவில் இல்லை

வயிற்று வலியோடு வந்தவரை ஸ்ட்ரெச்சரிலிருந்து டேபிளுக்கு மாற்றுகிறார்கள். அடியில் மடிப்பு மடிப்பாகப் போர்வை. புதியவர் கேன்ட்ரிக்கு (டேபிள் உள்ளே போகும் வளைய வடிவ இயந்திரம்) முன்னால் நின்று, மேலிருந்து விழும் லேசர் கோட்டைத் தொப்புளோடு சேர்க்கிறார். விலாப்பக்கம் விழும் கோட்டை அவர் பார்ப்பதே இல்லை. பழகிய ஓர் உயரத்துக்கு டேபிளை ஏற்றி உள்ளே அனுப்பிவிட்டுக் கன்சோலுக்கு, அதாவது இயந்திரத்தை இயக்கும் கணினிக்கு, ஓடுகிறார். ஸ்கவுட் (ஸ்கேனுக்கு முன் எடுக்கும் தட்டையான எக்ஸ்-ரே படம்) வருகிறது, முதுகெலும்பு படத்தின் நடுவில் இருக்கிறது, எல்லாம் சரி என்று தோன்றுகிறது. உண்மையில் உடல் 4, 5 செ.மீ கீழே கிடக்கிறது. முன்பக்க ஸ்கவுட்டில் இடவலம் விலகினால் கண்ணுக்குத் தெரியும். மேல்கீழ் விலகல் தெரியாது.

இதனால் கெடுவது இரண்டு. முதலாவது எம்.ஏ. கணக்கு, அதாவது கதிரின் அளவைத் தீர்மானிக்கும் குழாய் மின்னோட்டம். இன்று பெரும்பாலான இயந்திரங்கள் ஸ்கவுட்டில் தெரியும் உடல் அளவை வைத்துத்தான் எம்.ஏ.வைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன. எக்ஸ்-ரே குழாய்க்கும் கேன்ட்ரியின் மையத்துக்கும் இடையே ஏறக்குறைய 55 முதல் 60 செ.மீ தூரம். குழாய் மேலே நின்று ஸ்கவுட் எடுக்கும்போது உடல் 5 செ.மீ கீழே இருந்தால், அது குழாயைவிட்டு விலகி, அகலத்தில் 8 சதவீதம் போலச் சிறுத்துத் தெரியும். இயந்திரம் ஒல்லியான ஆள் என்று நினைத்து எம்.ஏ.வைக் குறைத்துவிடும். படம் மணல் தூவியதுபோல வரும். கல்லீரலில் 1 செ.மீ கட்டி இருந்தாலும் அந்த மணலுக்குள் மறைந்துபோகலாம். உடல் 5 செ.மீ மேலே இருந்தால் நேர்மாறு: 10 சதவீதம் போலப் பெருத்துத் தெரியும், தேவையில்லாத கதிர் உள்ளே போகும். குழாய் கீழே நிற்கும் ஸ்கவுட் என்றால் இந்த இரண்டும் இடம் மாறும். உங்கள் இயந்திரத்தில் ஸ்கவுட்டின்போது குழாய் எங்கே நிற்கிறது என்று இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது போ-டை ஃபில்டர். குழாயின் வாயில் இருக்கும் இது நடுவில் மெலிந்தும் ஓரங்களில் தடித்தும் இருக்கும். உடலும் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். இந்த ஏற்பாடு பலிக்க உடல் மையத்தில் இருக்க வேண்டும். உடல் கீழே இறங்கினால் மார்பின் முன்பக்கத் தோல், மார்பகம், தைராய்டு எல்லாம் கதிர் வலுவாக வரும் நடுப்பகுதிக்கு நெருங்கிவிடும். கன்சோலில் கதிர் அளவைக் காட்டும் சி.டி.டி.ஐ. எண்ணில் இந்தக் கூடுதல் தெரியாது. குழந்தைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். மெத்தையில் புதைந்து கிடக்கும் சின்ன உடலைத் தாழ்வாக வைத்துவிடுவது மிகவும் எளிது.

இந்தத் தவறு மேல் இன்றுவரை கோபம் தீராததற்குக் காரணம் அதன் பின்விளைவு. மணல் மணலாகப் படம் வந்தால் ரேடியாலஜிஸ்ட் "இமேஜ் சரியில்லை" என்கிறார். டேபிள் உயரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. "மெஷின் பழசு" என்ற பேச்சு கிளம்பும், யாரோ புரோட்டோகாலையே (எல்லோருக்கும் பயன்படும் ஸ்கேன் அமைப்பு) திறந்து எம்.ஏ.வை ஏற்றிச் சேமித்துவிடுவார். அன்று முதல் அந்த அறைக்கு வரும் ஒவ்வொருவரும், சரியாகப் படுக்க வைக்கப்பட்டவர் உட்பட, கூடுதல் கதிர் வாங்கிக்கொண்டு போகிறார். பத்து விநாடி குனிந்து பார்க்காததற்கு முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் விலை கொடுக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இது. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைப்பது, முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது எல்லாம் முதலில் முடியட்டும். இவை முடிந்தால்தான் முதுகு படுக்கையில் சரியாக அமரும். பிறகு டேபிளின் பக்கவாட்டுக்கு வாருங்கள். கண் லேசர் கோட்டின் மட்டத்துக்கு வரும்வரை குனியுங்கள். மார்புக்கு என்றால் அக்குளின் நடுக்கோடு, வயிற்றுக்கு என்றால் தொப்புள் மட்டத்தில் முன்பக்கத் தோலுக்கும் முதுகுக்கும் நடு, தலைக்கு என்றால் காதுத் துளை. கோடு அங்கே விழ வேண்டும். சட்டையின் மடிப்பும் போர்வையும் கண்ணை ஏமாற்றும், ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். மறுபக்கமும் ஒருமுறை பாருங்கள். இரண்டு பக்கமும் கோடு வேறு வேறு உயரத்தில் விழுந்தால் ஆள் ஒருக்களித்திருக்கிறார். தொப்பை பெரிதாக உள்ளவரிடம் பலரும் முதுகெலும்பை மனதில் வைத்து உயரம் வைக்கிறார்கள். தொப்பையும் சேர்த்துத்தான் உடல்.

பக்கவாட்டு ஸ்கவுட்டும் எடுத்தால் அளந்தே பார்த்துவிடலாம். மையக்கோட்டிலிருந்து முன்பக்கத் தோல் 9 செ.மீ, முதுகுத்தோல் 14 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5, அதில் பாதி 2.5. டேபிளை 2.5 செ.மீ ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு புது ஸ்கவுட் எடுங்கள். பழைய ஸ்கவுட்டை வைத்தே ஸ்கேன் போனால் எம்.ஏ. பழைய தவறான அளவில்தான் ஓடும். இன்னொரு ஸ்கவுட்டின் கதிர், ஸ்கேனின் கதிரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சில இயந்திரங்கள் கடைசியாக எடுத்த ஸ்கவுட்டை மட்டும் கணக்கில் எடுக்கும், அதனால் எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசியில் எடுப்பது என்பதும் முக்கியம்.

ஸ்கேன் பகுதிக்குள் ஈயத் துணி

வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்து மேலே போடுகிறார்கள், இயந்திரம் அதைத் தடித்த உடல் என்று எடுத்துக்கொண்டு எம்.ஏ.வை ஏற்றிவிடும்.

"நல்லா மூச்சை இழுங்க"

நுரையீரல் ரத்தக்குழாய் ஆஞ்சியோவில் இந்த ஒரு வார்த்தை ஸ்கேனையே கெடுக்கும். ஆழமாக மூச்சை இழுத்தால், வயிற்றுப் பக்கமிருந்து கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைப் படத்தில் பளிச்சென்று காட்ட ஊசியில் போடும் மருந்து) கலக்காத ரத்தம் திடீரென்று இதயத்துக்குள் பாயும். சரியாகப் படம் எடுக்கும் நேரத்தில் குழாயில் கான்ட்ராஸ்ட் நீர்த்துப்போய், அடைப்பு இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாமல் போகும். "சும்மா லேசா மூச்சு எடுத்து, அப்படியே நிறுத்துங்கம்மா" என்று சொல்லுங்கள். ஊசி போடும் முன் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

இயந்திரத்தோடு வரும் குரல் பதிவையும் கவனியுங்கள். எழுபது வயதுப் பாட்டி உள்ளே படுத்திருக்க, ஸ்பீக்கர் ஆங்கிலத்தில் உத்தரவு போடுகிறது. பாட்டி "என்ன சாமி?" என்று தலையைத் தூக்குகிறார், ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான இயந்திரங்களில் குரலை நாமே பதிவு செய்துகொள்ளலாம். தமிழில், நிதானமாக, அந்த ஊர்ப் பேச்சில் பதிந்து வையுங்கள். "மூச்சு விடலாம்" என்பதையும் மறக்காமல் பதியுங்கள்.

புறங்கைச் சிரையில் 5 மி.லி. வேகம்

வார்டிலிருந்து வரும் வென்ஃப்ளான் (சிரைக்குள் செருகிவைத்த ஊசிக்குழாய்) பெரும்பாலும் புறங்கையில், மெல்லிய நீல நிற 22 கேஜ். குளுக்கோஸ் ஏற்ற அது போதும். விநாடிக்கு 4, 5 மி.லி. வேகத்தில் கான்ட்ராஸ்ட் செலுத்த முழங்கை மடிப்பில் இளஞ்சிவப்பு 20 கேஜ் அல்லது பச்சை 18 கேஜ் வேண்டும். "ஏற்கெனவே லைன் இருக்கே" என்று தயங்காமல் புதிதாகப் போடுங்கள். அது முடியவே முடியாது என்றால் ரேடியாலஜிஸ்டிடம் சொல்லி வேகத்தைக் குறையுங்கள். முதலில் அதே வேகத்தில் சலைன் மட்டும் ஓட்டி, ஊசி இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். தோல் புடைத்தாலோ, அவர் முகம் சுளித்தாலோ நிறுத்துங்கள். கான்ட்ராஸ்ட் வெளியே கசிந்துவிட்டால் கையை உயர்த்தி வைத்து, உடனே ரேடியாலஜிஸ்டை அழையுங்கள். விரல் மரத்துப்போவது, தோல் விறைப்பது, கொப்புளம் எழுவது மூன்றும் அவசரம்.

க்ரியாட்டினின்

கான்ட்ராஸ்ட் போடும் முன் சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் இந்த ரத்தப் பரிசோதனையில் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எந்தத் தேதியில் எடுத்தது என்றும் பாருங்கள்.

போலஸ் டிராக்கிங் வட்டம்

கான்ட்ராஸ்ட் வந்து சேர்ந்ததும் ஸ்கேன் தானே கிளம்புவதற்காக மகாதமனிக்குள் வைக்கும் வட்டம் சுவரின் சுண்ணாம்புப் படிவைத் தொடக் கூடாது, பக்கத்து மேற்பெருஞ்சிரையையும் தொடக் கூடாது. அந்தச் சிரையில் கான்ட்ராஸ்ட் அடர்த்தியாகப் பாயும்போது கோடு கோடாகச் சிதறும் வெளிச்சம் வட்டத்துக்குள் விழுந்தாலே அதன் அடர்த்தி எண் ஏறி, ஸ்கேன் முன்கூட்டியே கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பினால் கன்சோலில் கையால் நிறுத்தும் பொத்தான் எங்கே என்று இரு கண்ணும் மூடித் தெரிந்திருக்க வேண்டும்.

டி.எல்.டி. பேட்ஜ்

நம் மேல் விழும் கதிரை அளக்கும் இந்த பேட்ஜ் மார்பில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே. மேஜை டிராயரில் அல்ல.