டி.எஸ். பாலையாவை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

‘திருவிளையாடல்’ பாகவதர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ‘தில்லானா மோகனாம்பாள்’ தவில்காரர் என்றாலும் தெரியும். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்லச் சொல்ல நடுங்குவாரே, அந்த அப்பாவைச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூன்று பேரும் ஒரே ஆள், பெயர் டி.எஸ். பாலையா என்று சொன்னால் மட்டும், “அட, ஆமால்ல” என்று ஒரு நிமிடம் முழிப்பார்கள். வேஷம் ஞாபகம் இருக்கிறது, ஆள் பெயர் வரமாட்டேன் என்கிறது. நடிகருக்கு இது பெருமையா நஷ்டமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற சோழவந்தான் வட்டாரத்தில் கோயில் திருவிழா, காதுகுத்து, சடங்கு வீடுகளுக்கு ரேடியோ செட் போடுவது எங்கள் குடும்பத் தொழில். அப்பா காலத்தில் இசைத்தட்டு, என் காலத்தில் கேசட், இப்போது பென்டிரைவ். திருவிழாவில் பாட்டு ஓய்ந்து, கூட்டம் சாப்பிடப் போகும் நேரத்தில் கதை வசனம் போடுவார்கள். ‘திருவிளையாடல்’ வசனத்தை இந்தச் சுற்றுவட்டாரத்தில் படமாகப் பார்த்தவர்களைவிடக் குழாய் ஸ்பீக்கரில் கேட்டவர்கள் அதிகமாக இருப்பார்கள். அதனால் பாலையாவுக்கு நான் சொல்லும் வழியும் காதில்தான் தொடங்குகிறது.

முதலில் படத்தைப் பார்க்காதீர்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ‘திருவிளையாடல்’ பாகவதர் கட்டத்தை மட்டும் கேளுங்கள். பாண்டியன் சபைக்கு வந்து, என்னை வெல்ல உங்கள் நாட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்கும் ஹேமநாத பாகவதரின் குரல். ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் கொஞ்சம் இழுத்து, மேலே தூக்கி, அங்கேயே விட்டுவிடுவார். எதிரே இருப்பவன் பதில் சொல்ல வேண்டும் என்ற அக்கறையே அதில் இருக்காது. அதை முடித்துக்கொண்டு, அதே மாதிரி ‘காதலிக்க நேரமில்லை’யில் எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனைக் கேளுங்கள். குரல் அதேதான், இழுப்பும் அதேதான். ஆனால் அங்கே இழுப்பு கர்வம், இங்கே அது காசுக்காரனின் அவசரம். பிறகு ‘தூக்குத் தூக்கி’ (1954) சேட்டைக் கேளுங்கள். வடக்கத்தி வியாபாரியின் உடைந்த தமிழ், இளவரசனின் மனைவியையே மயக்கிவிடுகிற குழைவு. முகம் தெரியாமல் கேட்டால் இது வேறு யாரோ என்றுதான் நினைப்பீர்கள். எங்கள் செட்டில் ஒயர் இழுக்க வரும் பையன் அப்படித்தான் சொன்னான்: “அண்ணே, இது டப்பிங் ஆளுண்ணே.” இல்லடா, அவரேதான்.

காது பழகிய பிறகு படத்துக்கு வாருங்கள். ஆனால் அவர் பேசும்போது பார்க்காதீர்கள், கேட்கும்போது பாருங்கள். நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு யோசனையைச் சொல்லத்தான். பாலையாவின் வீச்சு முழுக்க அவர் மற்றவர்களைக் கேட்கிற இடங்களில் இருக்கிறது. வசனம் எதிராளிக்குப் போன பிறகுதான் அவர் வேலையே ஆரம்பிக்கிறது.

இதற்கு மூன்று காட்சிகள் போதும். மூன்றும் நான்கைந்து வருஷத்துக்குள் வந்தவை, மூன்றிலும் அவர் வேலை கேட்பது மட்டும்தான்.

1964: ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’. படம் எடுக்கக் கிளம்பிய மகன் செல்லப்பா, அதாவது நாகேஷ், அப்பாவிடம் திகில் கதை சொல்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பாலையாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வசனமே கிடையாது. முதல் முறை எல்லோரும் நாகேஷைத்தான் பார்ப்பார்கள், அதில் தப்பில்லை. இரண்டாம் முறை நாகேஷைக் கையால் மறைத்துக்கொண்டாவது பாலையாவை மட்டும் பாருங்கள். தொடக்கத்தில் இவன் என்ன உளறப்போகிறான் என்ற அலட்சியத்தோடு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பயம் ஒரேயடியாக வந்துவிடாது. முதலில் கண் மட்டும் நகரும், பிறகு கழுத்து, பிறகு உடம்பு. கடைசியில் வீட்டுக்குப் பெரியவர் காணாமல் போய், இருட்டில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பையன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். நாகேஷ் அன்றைக்குக் கதை சொன்னது நமக்குப் பயமாக இருப்பதே இவர் முகத்தால்தான் என்பது என் கட்சி. நாகேஷ் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

1965: ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’. கதை நம்ம ஊர் தலபுராணம், பரஞ்சோதி முனிவர் பாடிய விறகு விற்ற படலம். எங்கள் ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியை வேறு ஒரு காரணத்துக்காகப் பார்ப்பார்கள். பாகவதருக்கு எதிராகப் பாட வேண்டிய பாணபத்திரராக வருகிற டி.ஆர். மகாலிங்கம் சோழவந்தானை ஒட்டிய தென்கரைக்காரர், ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதனால் இங்கே எல்லோர் கண்ணும் மகாலிங்கம் மேல்தான் இருக்கும், பாலையா எதிராளி. எதிராளியை ரசித்தால் ஊர்த் துரோகம் மாதிரி இருக்கும். நான் அந்தத் துரோகத்தை வெகு நாளாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

சபையில் பாகவதர் பாடும் ‘ஒரு நாள் போதுமா’வுக்குக் குரல் எம். பாலமுரளிகிருஷ்ணா. பாட்டின் வரிகளுக்குள்ளேயே தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகத்தின் பெயர் வந்து விழும், வரும்போது இசையும் அந்த ராகமாகிவிடும். பாலையா ஒவ்வொன்றுக்கும் தோள், புருவம், விரல் என்று வேறு வேறாக அசைப்பார். கழுத்து நரம்பைப் பாருங்கள், இரவல் குரல் என்று நம்ப முடியாது. சரி, இது பாடுகிற பாலையா. நமக்கு வேண்டியவர் ராத்திரியில் வருகிறார். திண்ணையில் விறகுவெட்டி வேஷத்தில் வந்த சிவன் பாடுகிறார், பாணபத்திரர் பாட்டுக்கு லாயக்கில்லை என்று தள்ளிவிட்ட ஆள் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். கேட்டுக்கொண்டு நிற்கிறார் பாகவதர். சபையில் அவ்வளவு ஆடிய உடம்பு இங்கே ஆடாது. பாணபத்திரர் கழித்துக்கட்டிய ஆளே இப்படிப் பாடினால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்ற கணக்கு அவர் மனதில் ஓடுவது நமக்குத் தெரியும். முதலில் வருவது பயம் இல்லை, ரசனை. சங்கீதம் தெரிந்தவனுக்குத்தான் தோற்றது உடனே தெரியும் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிட்டு, ராவோடு ராவாக ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்.

1968: ‘தில்லானா மோகனாம்பாள்’. சிவாஜி நடித்த நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்தின் கோஷ்டியில் தவில் முத்துராக்கு, அதுதான் பாலையா. படத்தில் சிவாஜிக்கு நாதஸ்வரம் வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதனால் எங்கள் பக்கத்து மேளக்காரர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். ‘நலந்தானா’ பாட்டில் நாட்டியக்காரி மோகனா ஆடிக்கொண்டே சண்முகத்தின் காயத்தை விசாரிக்கிறாள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடக்கிற பேச்சை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்கிற ஆள் முத்துராக்கு. கண் கலங்குகிறது, ஆனால் தவிலில் கை நிற்கவில்லை. அழுகை முகத்தில், தாளம் கையில். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரு ஆள் செய்வதற்காகவே அந்தப் பாட்டை இன்னொரு முறை ஓட்டலாம்.

இந்த மூன்றையும் பார்த்தாயிற்றா? அப்புறம்தான் பின்னால் போக வேண்டும். வருஷ வரிசையில் 1936-ல் இருந்து ஆரம்பித்தால் பாதியில் சலித்துவிடும். பாலையா பிறந்தது 1914, மறைந்தது 1972. முதல் படம் எல்லிஸ் ஆர். டங்கனின் ‘சதி லீலாவதி’ (1936). எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அடுத்த வருஷமே ‘அம்பிகாபதி’யில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு வில்லன், தளபதி ருத்ரசேனன். வயது இருபத்து மூன்றுதான். வழுக்கையும் தொப்பையுமாக அப்பா வேஷத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த இளம் வில்லனை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பழைய படங்களின் ஒலி கரகரவென்று இருக்கும். இயர்போன் மாட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். பாஸ் (bass) ஒலியைக் குறைத்து, சாதாரண ஸ்பீக்கரில் அறைக்குள் வைத்துக் கேளுங்கள். தொழில்காரன் சொல்கிறேன், பேச்சு தெளியும்.

அடுத்து 1949 ‘வேலைக்காரி’. அண்ணா எழுதியது. இங்கே பாலையா வில்லன் இல்லை. பழிவாங்கக் கொதிக்கிற கே.ஆர். ராமசாமிக்கு நிதானம் சொல்லிக் கொடுக்கும் நண்பர் மணி. கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது இந்த மணி சொன்னது. வில்லனாகப் பழகிய அதே கண்ணில் இந்தத் தடவை யோசனை மட்டும் ஓடும்.

பிறகு 1951 ‘மணமகள்’. என்.எஸ். கிருஷ்ணன் இயக்கியது. இதில் பாலையா பத்மினிக்குப் பாட்டு வாத்தியார், மாணவி மேலேயே கண் வைக்கிற ஆள். இதைக் கட்டாயம் பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டு வாத்தியார், ஹேமநாத பாகவதர், தவில் முத்துராக்கு, மூவருமே சங்கீதக்காரர்கள். வாத்தியாருக்குச் சங்கீதம் ஒரு சாக்கு, பாகவதருக்கு அது கிரீடம், முத்துராக்குவுக்கோ அன்றாடப் பிழைப்பு. வேஷம் மாறினால் ஆள் வேறாகத் தெரிவதில் அதிசயம் இல்லை. ஒரே தொழில்காரனை மூன்று விதமான மனுஷனாகக் காட்டுவது அப்படி இல்லை. மூன்றிலும் அவர் உட்காரும் விதத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

‘மதுரை வீரன்’ (1956) நரசப்பனை இங்கே யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வில்லத்தனமும் அசட்டுத்தனமும் பாதிப் பாதி. ‘பாகப்பிரிவினை’யில் (1959) எஸ்.வி. சுப்பையாவோடு அண்ணன் தம்பியாக வருவதை அவசரம் இல்லாத ஒரு நாளில் பாருங்கள். அழுத்தமான வேலை, துண்டு துண்டாகப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது.

துண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. பாலையா காமெடி என்று பத்து நிமிடத் தொகுப்புகள் நிறையக் கிடைக்கும், அவற்றை நம்பாதீர்கள். வெட்டுகிறவர்கள் வசனத்தை வைத்துத்தான் வெட்டுவார்கள். அவர் வாயை மூடியதும் கத்தரிக்கோல் விழுந்துவிடும், நமக்கு வேண்டியதோ அதற்குப் பிறகு வருவது. ‘காதலிக்க நேரமில்லை’யில், தான் விரட்டிவிட்ட அசோக் பணக்கார வீட்டுப் பிள்ளை என்று நம்பியதும் அவன் பெயரோடு ஒரு மரியாதை ஒட்டிக்கொள்ளும் இடம் எல்லாத் தொகுப்பிலும் இருக்கும். அதுவரை அவனை எப்படி விரட்டினார் என்பது கூடவே இருந்தால்தான் அந்தக் குழைவின் ருசி தெரியும்.

தேடும்போது இன்னொரு தொல்லை. வெறும் ‘பாலையா’ என்று போட்டால் தெலுங்கு பாலகிருஷ்ணா தொடையைத் தட்டிக்கொண்டு வந்து நிற்பார். ‘டி.எஸ். பாலையா’ என்று முழுசாகப் போடுங்கள். ‘சாட்டை’யில் தலைமையாசிரியராக வருபவர் ஜூனியர் பாலையா, இவருடைய மகன். குழப்பிக்கொள்ள வேண்டாம். முகச் சாயலைப் பார்த்தால் குழம்பாமல் இருப்பதும் கஷ்டம்தான்.

அப்பா வேஷங்களில் ‘ஊட்டி வரை உறவு’ (1967) லேசான சாப்பாடு. அதே வருஷம் வந்த பாலசந்தரின் ‘பாமா விஜயம்’தான் சரியானது. பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவந்ததும், மூன்று மருமகள்களும் வரவுக்கு மீறிச் செலவு செய்து வீட்டை அலங்கரிக்கிறார்கள். மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் என்று மூன்று மகன்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிற கிழவர் பாலையா. இதை மட்டும் தனியாகப் பார்க்காமல் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது போடுங்கள். மாதக் கடைசியில் போட வேண்டாம், சண்டை வரும்.