நெல்லையிலிருந்து கலாம் ஊருக்கு: ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

ராமேஸ்வரம் போகிற நம்ம ஊர்க்காரர்கள் பலர், கோயிலை முடித்துவிட்டு நேரம் மிஞ்சினால் கலாம் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். வரிசையைச் சரியாகப் போட்டால் எல்லாவற்றையும் நிதானமாகவே பார்க்கலாம்.

முதலில், ராத்திரியே கிளம்பிவிடுங்கள். தூத்துக்குடி, சாயல்குடி, ராமநாதபுரம் வழி. நேர் பஸ் இல்லையென்றால் ராமநாதபுரத்தில் மாறிக்கொள்ளலாம். விடியும்போது ராமேஸ்வரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து கோயில். நேரம் போவதெல்லாம் இங்கேதான். அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு உள்ளே 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு வருகிறோம், ஆனால் ஈரத்துணியோடு சாமி பார்க்க விடமாட்டார்கள். மாற்றுத்துணியை மட்டும் ஒரு சின்னப் பையில் தனியாக எடுத்துப் போங்கள், பெரிய பையும் செல்போனும் உள்ளே வேண்டாம். மதியம் ஒரு மணி வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

கோயிலிலிருந்து பள்ளிவாசல் தெரு நடக்கிற தூரம்தான், ஆட்டோ வேண்டாம். 1931 அக்டோபர் 15-இல் கலாம் பிறந்த வீடு அங்கேதான் இருக்கிறது. மாடியில் விருதுகளும் புகைப்படங்களும் வைத்திருக்கிறார்கள். கூட்டம் தள்ளினாலும் ஓரமாக நின்று படங்களுக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டே இறங்குங்கள்.

அப்புறம் தனுஷ்கோடி. என்னைக் கேட்டால் இதுவும் கலாம் பார்த்து வளர்ந்த இடம்தான். அவருடைய அப்பா யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போகப் படகு கட்டியவர். உலகப்போர் சமயத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போனபோது, இந்தப் பக்கம் ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கித்தான் கலாம் முதல் சம்பாத்தியத்தைப் பார்த்தார். 1964 டிசம்பர் புயல் அந்த ஊரையே அழித்துவிட்டது. தேவாலயத்தின் சுவர் மட்டும் மொட்டையாக நிற்கிறது, பக்கத்தில் போனால் பவளக்கல்லின் துளைகள்கூடத் தெரியும். வண்டி பேசும்போது "அரிச்சல்முனை வரை" (நிலம் முடிகிற முனை அதுதான்) என்று அழுத்திச் சொல்லுங்கள், வெறுமனே தனுஷ்கோடி என்றால் தேவாலயத்தோடு திருப்பிவிடுவார்கள். என் ஓட்டு டவுன் பஸ்ஸுக்குத்தான். சாயங்காலம் சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மதியமே போய்விடுங்கள்.

கடைசியாக பேக்கரும்பு நினைவிடம், ஊர் திரும்பும் வழியிலேயே வரும். 2015 ஜூலை 30-இல் கலாமை அடக்கம் செய்த இடம். முகப்பு இந்தியா கேட் மாதிரி, குவிமாடம் குடியரசுத் தலைவர் மாளிகை மாதிரி. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். மாலையில் மூடிவிடுவார்கள் என்பதால் நாலு மணிக்குள் அங்கே இருங்கள். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த தூக்குப் பாலத்தைச் சாலைப் பாலத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். தீர்த்தப் பாதை முழுக்க ஈரமாக வழுக்கும், அவர்களுக்கு 22-இல் கடைசியான கோடி தீர்த்தம் மட்டும் போதும். கலாம் வீட்டில் மாடிப்படி ஏற வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.