திரீ-கன் போட்டிக்கு ஷாட்கன் வாங்கும் முன்

அமெரிக்காவில் திரீ-கன் எனப்படும் போட்டிகளில் ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் ஆகிய மூன்றையும் நேரக் கணக்கோடு சுட வேண்டும். அவற்றுள் அதிகம் மக்கர் செய்வது ஷாட்கன்தான் என்பதால், வேகத்தைவிட நம்பகத்தன்மையையே முதலில் பார்க்க வேண்டும்.

பலரும் நாடுவது, குழாய் மேகசின் (குழலுக்கு அடியில் தோட்டாக்களை வரிசையாக வைக்கும் குழாய்) கொண்ட, 12 கேஜ் என்னும் குழல் அளவுள்ள செமி ஆட்டோமேட்டிக்; அதாவது, ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. இவ்வகையில் பெனெல்லி எம்2 என்னும் துப்பாக்கி பின்னுதைப்பின் விசையால் இயங்குவதால் உள்ளே கரி குறைவாகவே படியும். ஆனால் அதில் கனமான உதிரிகளைப் பூட்டி, வீரியம் குறைந்த தோட்டாவைச் சுட்டால், வெற்றுறை வெளியேறாமல் சிக்கக்கூடும். வாயு விசையால் இயங்கும் பெரெட்டா 1301 தோளில் மென்மையாக உதைக்கும்; துடைத்துப் பராமரிக்கும் வேலை சற்றுக் கூடுதல்.

போட்டியில் நேரத்தைத் தின்பது தோட்டா நிரப்புதலே. நான்கு தோட்டாக்களை ஒரே பிடியில் எடுத்து, இரண்டிரண்டாக உள்ளே தள்ளும்போது, நுழைவாய் குறுகலாக இருந்தால் கட்டைவிரல் நகம் கிழியும். ஆகவே, கடையிலேயே அனுமதி பெற்று, போலித் தோட்டாக்களால் நிரப்பிப் பாருங்கள். வாங்கியபின், பறவைக் குண்டு (சிறு குண்டுமணிகள்), பக்ஷாட் (பெரிய குண்டுமணிகள்), ஸ்லக் (ஒற்றைக் குண்டு) என நீங்கள் போட்டியில் பயன்படுத்தப்போகும் தோட்டாக்களையே சுட்டுச் சோதியுங்கள். அழகுக்கான உதிரிகளை அதன்பின் யோசிக்கலாம்.