ஓடர் பெட்டியும் என் பெட்டியும்

அம்மம்மாவிடம் பழகிய பனையோலை இழைப்புதான் என் பொழுதுபோக்கு. கலியாண வீடுகளுக்குப் பலகாரப் பெட்டி கேட்டு ஓடர் வரத் தொடங்கியதும் ஓலையைக் கண்டாலே சலிப்பு. ஒரே அளவு, ஒரே நிறம், அதுவும் நாளைக்கே வேண்டுமாம்!

யோசித்துப் பார்த்தால், என்னை வாட்டியது இழைப்பு இல்லை, அதற்கு முந்தின வேலை. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் அவித்து எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். வார் கொஞ்சம் பிசகினாலும் மூடி பொருந்தாது. இப்போது அதற்கென்று தனி நாள். வார்ந்ததை அகலம் பார்த்துக் கட்டி வைப்பேன். இழைக்கும் முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஓலை வெடிக்காமல் வளைந்து கொடுக்கும்.

விலையும் வாருகிற நேரத்தைச் சேர்த்தே சொல்கிறேன். முற்பணம் இல்லாமல் தொடுவதில்லை, மாமி முறையானாலும் சரி. கார்த்திகை மழையில் ஓலை பூஞ்சணம் பிடிக்கும், அப்போது பெரிய ஓடர் எடுப்பதில்லை.

புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி மட்டும் விற்பனைக்கு இல்லை. அது சாயமில்லாத ஓலையில், எங்கள் வீட்டுப் புட்டுக்கு, அவசரமில்லாமல் இழைப்பது. கேட்டு வருகிறவர்களைத் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறேன்.